வயிற்றுக்கு ஒரு பக்கவாசல்: மாமனாருக்குச் செய்த பைபாஸ் ஆபரேஷன், ஒரு ரிவ்யூ

மிக்ஸி, கிரைண்டர், கோயமுத்தூர் ஜவுளிக்கடை, பொள்ளாச்சி ரோட்டு மெஸ் என்று கண்டதற்கெல்லாம் ரிவ்யூ எழுதுகிறவள் நான். ஆபரேஷனுக்கும் ரிவ்யூ எழுதப் போகிறேன் என்றதும் வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் போன தை மாதம் நாங்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாகத் தேடியபோது, இரைப்பைப் புற்றுநோய், குணமாகாது, ஆனாலும் ஆபரேஷன் பண்ணலாம் என்கிறார்கள், பண்ணலாமா வேண்டாமா என்ற ஒரே ஒரு கேள்விக்குத் தமிழில் அனுபவப்பட்டவர் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. முள்சீத்தா இலைக் கஷாயம் விற்பவர்கள்தான் வரிசையாக வந்தார்கள். அதனால்தான் இது. ஆஸ்பத்திரிகளின் பெயரைப் போடவில்லை, கமெண்டில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். திட்ட வேண்டியதையும் எழுதப் போகிறேன் என்பதால் அதுதான் நியாயம்.

எங்கள் வீடு கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டுப் பேச்சு தமிழ், ரேஷன் கார்டு மலையாளம், கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் கோயமுத்தூர், கோர்ட்டு வழக்குக்குப் பாலக்காடு, இப்படித்தான் எங்கள் பிழைப்பு. மாமாவுக்கு 71 வயது. தென்னந்தோப்பும் பத்துப் பதினைந்து மாமரமும் வைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்னே எழுந்து வாய்க்கால் பார்க்கப் போகிற ஆள். ஓணம் முடிந்ததிலிருந்து வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கேஸ் டிரபிள் என்று சொல்லி அந்த ரோஸ் கலர் மருந்தை பாட்டில் பாட்டிலாகக் குடித்துக்கொண்டிருந்தார், நாங்களும் விட்டுவிட்டோம். மார்கழியில் வாந்தி ஆரம்பித்தது. சாதாரண வாந்தி இல்லை. முந்தாநாள் சாம்பாரில் போட்ட முருங்கைக்காயின் நார், அரைக்காமல் போட்ட சின்ன வெங்காயம், அப்படி அப்படியே வெளியே வரும். மஞ்சளாக, கசப்பாக எதுவுமே இருக்காது. படுக்கையில் அவர் புரண்டால் பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறபோது தளும்புமே, அந்தச் சத்தம் வயிற்றிலிருந்து வரும். அத்தைக்கு அதைக் கேட்கத் தாளாமல் திண்ணையில் போய்ப் படுத்துக்கொள்வார். பிற்பாடுதான் தெரிந்தது, இரைப்பையின் கீழ்வாசல் அடைத்துப் போனால் இப்படித்தான் ஆகும் என்று. உள்ளே போனது கீழே இறங்க வழியில்லாமல் நாள்கணக்கில் அங்கேயே தேங்கி நிற்கும். பித்தம் அந்த வாசலுக்குக் கீழேதான் சேர்கிறது, அதனால்தான் வாந்தியில் கசப்பு வருவதில்லை.

முதலில் போன இடம் பெரிய கட்டடம், லிஃப்டுக்குப் பக்கத்தில் மீன்தொட்டி. எண்டோஸ்கோப்பி பண்ணினார்கள், சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள், சிடி ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் மளமளவென்று நடந்தது, அதில் குறை சொல்ல முடியாது. அப்புறம் சர்ஜன் வந்து நின்றபடியே, "வயித்தை முழுசா எடுத்துட்டா கிளியர் ஆயிடும், நாளைக்கே பணம் கட்டிடுங்க" என்றார். நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். நங்கையின் (என் நாத்தனாரின்) மகள் நர்சிங் படிக்கிறாள். அன்றைக்கு ராத்திரி அவள்தான் ஃபைலைப் புரட்டிவிட்டு, "மாமி, லிவர்ல மூணு இடத்துல இருக்குன்னு போட்டிருக்கு, வயித்துக்குள்ள கொஞ்சம் நீரும் இருக்குன்னு எழுதியிருக்கு, இதை அவங்க சொல்லலையா?" என்றாள். சொல்லவில்லை. கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்று காகிதத்தில் எழுதத் தெரிந்தவர்களுக்கு வாயால் சொல்ல மட்டும் நேரமில்லை. அந்த இடத்துக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் ஸ்கேன் எடுத்த பையன் மாமாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் படுக்க வைத்ததற்காக.

இரண்டாவது போனது சின்ன இடம். டாக்டர் மலையாளி. பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார், எங்களுக்கு அது தாய்மொழி மாதிரிதான். எங்களை உட்காரச் சொன்னார் (இதை முக்கியமாகக் குறிப்பிடுகிறேன்), மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு ஒரு பை வரைந்தார், அதன் அடியில் ஒரு கோடு போட்டு அடைத்தார், பையின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு அங்கே சிறுகுடலைக் கொண்டுவந்து சேர்த்தார். "முன்வாசல் அடைச்சுப் போச்சு. பக்கத்துல ஒரு வாசல் வைக்கலாம். ஆனா வீட்டுக்குள்ள இருக்கிற கரையானை நான் தொடப் போறதில்ல. இது கேன்சருக்கான ஆபரேஷன் இல்ல, சோத்துக்கான ஆபரேஷன்." மாமா அதுவரை வாயே திறக்கவில்லை. "நான் சோறு உங்கறதுக்கு ஆகுமுங்களா?" என்று கேட்டார். "கொறச்சு கொறச்சா ஆகும். நூத்துக்கு நூறு உறுதி சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். "அப்பப் பண்ணிருங்க" என்று எழுந்தே விட்டார். எங்கள் முடிவை யார் கேட்டது!

வயிற்றையே எடுத்துவிட்டால் ஆயுள் கொஞ்சம் கூடாதா என்று என் வீட்டுக்காரர் மட்டும் விடாமல் கேட்டார். அதற்கும் டாக்டர் பதில் வைத்திருந்தார். ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர் மூன்று நாட்டிலும் சேர்ந்து இதையே ஒரு ஆய்வாகச் செய்து 2016-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். 175 பேர், எல்லாருக்கும் குணமாக்க முடியாத அளவுக்குப் பரவிய இரைப்பைப் புற்றுநோய். பாதிப் பேருக்கு இரைப்பையை எடுத்துவிட்டுக் கீமோ, மீதிப் பேருக்குக் கீமோ மட்டும். எடுத்தவர்கள் கூடுதலாக வாழவில்லை. நடுக்கணக்கில் (பாதிப் பேர் அதற்குக் குறைவாகவும் பாதிப் பேர் கூடுதலாகவும் வாழ்ந்த அளவு) அவர்களுக்கு 14.3 மாதம், கீமோ மட்டும் எடுத்தவர்களுக்கு 16.6 மாதம். அடைப்போ ரத்தப்போக்கோ இருந்தால் கத்தி வைப்பது வேறு கணக்கு, அது தொந்தரவைத் தீர்ப்பதற்கு; ஆயுள் கூடும் என்று நினைத்து மொத்தத்தையும் எடுப்பதில் பிரயோஜனம் இல்லை என்றார். முதல் இடத்தில் நாளைக்கே பணம் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில ராத்திரி தோன்றும்.

வெட்டாமலும் ஒரு வழி இருக்கிறது, ஸ்டென்ட். வாய் வழியாக எண்டோஸ்கோப்பி விட்டு, அடைத்த வாசலில் வலைபோல ஒரு கம்பிக்குழாயை விரித்து வைத்துவிடுவார்கள். வயிற்றில் தையல் கிடையாது, சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம். நெதர்லாந்தில் 39 பேரை வைத்து இரண்டையும் ஒப்பிட்டு 2010-இல் எழுதியிருக்கிறார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் 5 நாளில் ஓரளவு சாப்பிட ஆரம்பித்தார்கள், ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 8 நாளில். ஆனால் இரண்டு மாதத்தைத் தாண்டினால் ஆபரேஷன்தான் நன்றாக நிற்கிறது, ஸ்டென்ட் திரும்ப அடைத்துக்கொள்வது அதிகம். அதனால் ஆள் இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருப்பார், உடம்பும் மயக்க மருந்தைத் தாங்கும் என்றால் ஆபரேஷன், இல்லையென்றால் ஸ்டென்ட், கணக்கு இவ்வளவுதான். கேட்கிறபோது எவ்வளவு நேராக இருக்கிறது! இரண்டு மாதத்துக்கு மேல் இருப்பாரா என்பதை அவர் பெற்ற பிள்ளை உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருந்ததே, அதற்கு எந்த ஆய்விலும் வழி இல்லை. மாமா இன்னும் நடமாட்டமாக இருந்ததால் ஆபரேஷன் என்று முடிவானது.

உடனே வெட்டவும் இல்லை. வாந்தி எடுத்து எடுத்து உடம்பில் உப்பும் பொட்டாசியமும் வற்றிப் போயிருக்கிறது, அதைச் சரிக்கட்டாமல் மயக்க மருந்து கொடுத்தால் இதயத்துக்கு ஆபத்து என்று மூன்று நாள் டிரிப் போட்டார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தேங்கியதை எல்லாம் வெளியே எடுத்தார்கள். அதில் ஒரு முழு மொச்சைக்கொட்டை வந்தது. அத்தை மொச்சை சமைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஆபரேஷன் இரண்டு மணி நேரம் சொச்சம். இது புது வித்தை ஒன்றும் இல்லை, 1881-இல் வியன்னாவில் பில்ரோத் என்ற சர்ஜனின் உதவியாளர் வோல்ஃப்ளர், கட்டியை எடுக்க முடியாத ஒரு நோயாளிக்கு முதன்முதலில் இப்படிக் குடலை இரைப்பையோடு சேர்த்துத் தைத்தார். நூற்றைம்பது வருஷம் ஆகப் போகிறது, அடிப்படை மாறவில்லை. எனக்கென்னவோ அதைப் படித்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. நேற்று வந்த மாடலை விட நாள்பட ஓடுகிற மோட்டார்தான் நம்பகம் என்கிற புத்தி.

இனி என் புகார். ஆபரேஷன் முடிந்து நாலைந்து நாளில் கஞ்சி குடிப்பார் என்று நினைத்துக்கொண்டு இருந்தோம். அவருடைய வயிறு வேலையே செய்யவில்லை. தையலெல்லாம் நன்றாக இருக்கிறது, புது வாசலும் திறந்துதான் இருக்கிறது, ஆனால் இத்தனை நாள் வீங்கிக் கிடந்த இரைப்பை சுருங்கி விரிய மறந்துவிட்டது. மூக்குக் குழாயின் முனையில் ஒரு பை தொங்கும், காலையும் மாலையும் நர்ஸ் அதை அளந்து சுவரில் மாட்டிய சார்ட்டில் எழுதுவார். 1100 மில்லி. மறுநாள் 950. அதற்கு மறுநாள் திரும்பவும் 1000. பச்சையா மஞ்சளா என்று சொல்ல முடியாத நிறம், பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் மாதிரி. காலையில் எழுந்ததும் மாமாவின் முகத்தைப் பார்க்க மாட்டேன், அந்தப் பையைத்தான் பார்ப்பேன். எட்டாம் நாள் 600, பத்தாம் நாள் 250, பதினோராம் நாள் குழாயை எடுத்தார்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி மந்தமாவது சகஜம்தானாம், நிறையப் பேருக்கு ஆகுமாம். இதை முன்னாடியே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் ஆபரேஷன் ஃபெயில் என்று அத்தை தாலியைப் பிடித்துக்கொண்டு வார்டு வராண்டாவில் அழுதிருக்க மாட்டார். டாக்டரிடம் சொன்னேன், "பறஞ்சிருக்கணும், தப்புதான்" என்று ஒத்துக்கொண்டார். அதற்கு மரியாதை, ஆனாலும் மார்க்கைக் குறைக்கத்தான் செய்வேன்.

இரண்டாவது புகார், டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த சாப்பாட்டு அட்டவணை. இங்கிலீஷில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. ஓட்ஸ், சூப், கஸ்டர்ட், ஸ்மூத்தி. மாமா வாழ்க்கையில் ஓட்ஸைப் பார்த்தது மாட்டுத் தீவனக் கடையில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். டயட்டீஷியன் பெண் நல்ல மாதிரி, அவளைப் பிடித்து உட்கார வைத்து நம் வீட்டுச் சாப்பாட்டை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். யாருக்காவது உதவும்: ஒரு நாளைக்கு ஆறு ஏழு வேளை, ஒரு வேளைக்கு அரை டம்ளர் அளவு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி கழித்துத்தான். குழைந்த சோற்றில் பருப்புத் தண்ணி, நெய் விட்டு. இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து மசித்து. வடிகட்டிய ராகிக் கூழ். முட்டை நன்றாக அடித்து வேகவைத்தது. முள் எடுத்த மீனை உதிர்த்து. நார் இருக்கிற எதுவும் வேண்டாம், முருங்கைக்காய், கீரைத்தண்டு, பனங்கிழங்கு, தேங்காய்ச் சக்கை, ஆரஞ்சுச் சுளையின் தோல் எல்லாம் புது வாசலில் போய் உருண்டை கட்டி அடைத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, அரை மணியாவது சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். தேங்காய்த் தோப்புக்காரர் வீட்டில் தேங்காய் அரைக்காமல் நாலு மாதம் சமைத்தோம், பால் மட்டும் பிழிந்து ஊற்றினோம்.

முதல் நாள் சோறு ஞாபகம் இருக்கிறது. மூன்று ஸ்பூன். மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் ரொம்ப நேரம் இருந்தார், திரும்ப வரப் போகிறதோ என்று நான் கிண்ணத்தை எடுக்க ஓடினேன். "இரு அம்மிணி, உப்பு சரியா இருக்குது" என்றார். அடுத்து பதினைந்து நாள் அவர் போட்ட கட்டளைக்கு அளவில்லை. ரசத்தில் புளி அதிகம், சோறு இன்னும் குழையணும், அந்தக் கடை நெய் வேண்டாம். இரண்டு மாதம் வாந்தியெடுத்த வாய், குறை சொல்ல ஆரம்பித்ததே எங்களுக்கு வாணவேடிக்கைதான். பங்குனியில் எங்கள் மாங்காய் பழுத்தது. இங்கே முதலமடைப் பக்கம் எங்கும் மாந்தோப்பு, மற்ற ஊருக்கு முன்னாடியே எங்களுக்குப் பழம் வந்துவிடும். நார் இருக்கிறதே என்ன செய்வது என்று யோசித்து, பழத்தைப் பிசைந்து பழைய மல்லு வேட்டித் துணியில் வடிகட்டி, ஒரு காபி டம்ளரில் பாதி கொடுத்தேன். அதற்கு அடுத்த நாள் கள்ளு கேட்டார். எங்கள் பக்கம் ஷாப்பில் கிடைக்கிற சமாசாரம்தானே. டாக்டரிடம் போனில் கேட்டதற்குச் சிரித்துவிட்டு ஒரு வாய், ரெண்டு வாய் பரவாயில்லை என்றார். காலையில் இறக்கியதையே வாங்கி வந்தோம். இரண்டு மடக்கு குடித்துவிட்டு, "புளிச்சுப் போச்சு, மரம் ஏறத் தெரியாதவன் இறக்குனது" என்று தம்ளரை நகர்த்திவிட்டார்.

இந்த ஆபரேஷன் எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வெயிட் திரும்ப வரவில்லை, இரண்டு கிலோ கூடி நின்றுவிட்டது. அசதி போகவில்லை. கீமோ இரண்டு சுற்று எடுத்தார், ஃபிரிட்ஜ் தண்ணீர் பாட்டிலைத் தொட்டால் விரலில் கரண்ட் அடிக்கிறது என்று சொல்லி மூன்றாவதை வேண்டாம் என்றுவிட்டார். முதுகு வரைக்கும் போகிற அந்த வலியும் ஆபரேஷனால் குறையவில்லை, அதற்கு வேறு ஆள் வேண்டியிருந்தது.

அந்த வேறு ஆள்தான் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ், அதாவது குணமாகாத நோயாளிகளின் வலியையும் தொந்தரவையும் வீட்டுக்கே வந்து கவனிக்கிறவர். இந்த ரிவ்யூவில் ஐந்துக்கு ஐந்து அவருக்கு மட்டும்தான். கேரளாவில் இது எப்படி வந்தது என்றால், 1993-இல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் இன்னும் சிலருமாக ஒரு சங்கம் ஆரம்பித்து, அப்புறம் ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துகிற மாதிரி பரவி, 2008-இல் மாநில அரசே இதற்கென்று கொள்கை அறிவித்தது. எனக்கு அந்த வரலாறெல்லாம் அப்போது தெரியாது. ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்கா வந்து ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார், அடுத்த வாரம் வாசலில் ஜீப் நின்றது. சிஸ்டர் கட்டிலில் மாமாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வேதனை பத்துக்கு எத்தனை என்று கேட்டார். பத்துக்கணக்கு மாமாவுக்குப் பிடிபடவில்லை. "ரூவாய்க்குப் பன்னண்டணா வலிக்குதுங்க" என்றார். சிஸ்டர் முழித்தார், நான் நாலணா எட்டணாக் கணக்கை விளக்கினேன், அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கார்டில் மட்டும் வலியை அணாவில்தான் எழுதினார்.

மார்பின் (morphine) என்கிற கடும் வலிக்கான மாத்திரை என்றதும் மாமாவின் தம்பி, சின்ன மாமா, குதித்தார், போதை மருந்து கொடுத்து ஆளை முடிக்கப் பார்க்கிறார்கள் என்று. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, குறைந்த அளவில் ஆரம்பித்து, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து கட்டாயம். இரண்டு நாள் தூக்கக் கலக்கமாக இருந்தார், மூன்றாம் நாள் "ரெண்டணா" என்று சொல்லிவிட்டுத் தோப்பு வரைக்கும் நடந்து போனார். சின்ன மாமா அதோடு பேச்சை நிறுத்தினார். 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் எத்தனையோ வருஷம் இந்த மாத்திரை கிடைக்காமல் ஜனங்கள் வலியிலேயே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள், 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்றைக்கும் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. சித்திரையில் மாமா பத்து நாள் நங்கை வீட்டில், பொள்ளாச்சிப் பக்கம், இருந்தபோது மாத்திரை தீர்ந்து போய் நாலு கடை ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரர் எங்களைத் திருடர்கள் போலப் பார்த்தார். அங்கேயும் மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-லிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கிறார்கள், நங்கையின் மாமியாருக்கு பி.பி. மாத்திரை அப்படித்தான் வருகிறது. ஆனால் எங்கள் பெயர் அந்தப் பக்கத்து லிஸ்டில் இல்லையே, கடைசியில் வீட்டுக்காரர் ராத்திரி பைக்கில் எல்லையைத் தாண்டி வந்து எடுத்துப் போனார். எல்லையோரத்துக்காரர்களுக்கு ஒரு யோசனை: ஆளை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கூட்டிப் போவதாக இருந்தால் மாத்திரையை எண்ணிக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், சீட்டும் கூடவே இருக்கட்டும்.

வைகாசிக் கடைசியில் வயிறு வீங்க ஆரம்பித்தது. உள்ளே நீர். புது வாசல் திறந்துதான் இருந்தது, அதற்குக் கீழே குடலில் பல இடத்தில் நோய் இறங்கிவிட்டது, இனி வெட்டித் திறக்க எதுவும் இல்லை என்று அதே டாக்டர் அதே மாதிரி உட்கார வைத்துச் சொன்னார். குளுக்கோஸாவது ஏற்றக் கூடாதா என்று சொந்தக்காரர்கள் கேட்டதற்கு, இந்த நிலையில் ஏற்றுகிற தண்ணீர் வயிற்றிலும் காலிலும்தான் போய்ச் சேரும், நாக்கை நனைத்துக்கொண்டிருங்கள் என்று சிஸ்டர் பஞ்சு நனைத்துக் காட்டிக் கொடுத்தார். ஆனியில் ஒரு விடியற்காலை, வீட்டிலேயே, அவர் கட்டிலிலேயே. சாப்பிட்டது மொத்தம் நாலு மாதத்துக்குக் கொஞ்சம் கூட.

ஆபரேஷனுக்கு ஐந்துக்கு நாலு போடுகிறேன். சொன்னதைச் செய்தது, சொல்லாமல் விட்டதற்கு ஒன்று கழித்தாயிற்று. இதே நிலைமையில் இருப்பவர்கள் டாக்டரிடம் குணமாகுமா என்று கேட்பதோடு நிறுத்தாமல், என்ன சாப்பிட முடியும், எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும், வயிறு மந்தமானால் என்ன செய்வீர்கள், ஸ்டென்ட் ஏன் வேண்டாம், வீட்டுக்கு யார் வருவார்கள் என்று ஐந்தையும் கேட்டு எழுதி வாங்குங்கள். நின்றுகொண்டே பதில் சொல்கிற டாக்டராக இருந்தால் அடுத்தவரைப் பாருங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் சிஸ்டர் வந்தார். வாட்டர் பெட்டின் தண்ணீரை வடித்து மடித்தார், மீந்திருந்த மார்பின் மாத்திரைகளை அத்தை முன்னாலேயே எண்ணினார், 14. நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். டீ போட்டேன், குடிக்க நேரமில்லை, வேலந்தாவளத்தில் ஒரு வீடு பாக்கி இருக்கிறது என்றார். வாட்டர் பெட்டை நானும் ஒரு முனை பிடித்து ஜீப்பில் ஏற்றிவிட்டேன்.